நாலு மூலை

ஏப்ரல் 16, புதன்

விசாரணை முடியும்வரை தினமும் நடந்ததைத் தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும் என்று அச்சகத்து வக்கீல் சொன்னாராம். அண்ணாச்சி அதை என் தலையில் கட்டிவிட்டார். அச்சகத்தின் பெயர் போட்ட புத்தாண்டு டைரி ஜனவரியிலிருந்து வீட்டில் சும்மாதான் கிடந்தது. எடுத்துப் பிரித்தால் முதல் பக்கத்தில் நாலு மூலையிலும் மஞ்சள். ஆவுடையின் வேலை. கேஸ் சிலிண்டர் புத்தகம், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் என்று இந்த வீட்டுக்குள் நுழைந்த எந்தக் காகிதமும் என் மனைவியின் விரலுக்குத் தப்பியதில்லை. முப்பது வருடம் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன்.

வக்கீலுக்காக முதலிலிருந்து எழுதுகிறேன். என் பெயர் தெய்வசிகாமணி, வயது ஐம்பத்தாறு. சிவகாசி தங்கமாரி செக்யூரிட்டி பிரிண்டர்ஸில் பாதுகாப்பு அச்சுப் பிரிவு என் பொறுப்பு. முதலாளி தங்கமாரியப்பன், ஊரே அவரை அண்ணாச்சி என்கிறது, நானும் அப்படியே. ஒரு பல்கலைக்கழகத்தின் பட்டச் சான்றிதழ்களை நாங்கள் அச்சடிக்கிறோம். அவற்றில் நான் ஒரு ரகசியக் குறியீட்டை ஒளித்து வைக்கிறேன். கடுகை நூறாக உடைத்தால் வருகிற அளவுக்குப் புள்ளிகள். கண்ணுக்குத் தெரியாது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் அச்சுப் பிசிறு என்றுதான் தோன்றும். நீல வெளிச்சம் பாய்ச்சும் ஒரு கருவி மட்டும் அவற்றைப் படிக்கும். படித்துவிட்டால் பச்சை விளக்கு, அசல். படிக்க முடியாவிட்டால் சிவப்பு, போலி. தாளில் அந்தப் புள்ளிகள் எந்த இடத்தில் இருக்கின்றன என்பதை இங்கே எழுத மாட்டேன். வக்கீல்களை நம்புவதற்கு நான் நேற்றுப் பிறந்தவன் இல்லை.

இப்போது பிரச்சினை, முப்பத்தொரு சான்றிதழ்களுக்குச் சிவப்பு எரிந்திருக்கிறது.

ஏப்ரல் 17, வியாழன்

பல்கலைக்கழகத்துக்குப் போய் வந்தேன். ஏசி ஓடாத அறையில் ஏழு பேர் கொண்ட குழு. ஏழு பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். மூன்று மணி நேரம் ஓடியது. அதில் ஒருவர் கடைசிவரை சுண்டலைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்கவில்லை.

நடந்தது இதுதான். அரசு வேலைக்குத் தேர்வானவர்களில் இந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். மதுரை ஆட்சேர்ப்பு அலுவலகத்தில் அவர்கள் சான்றிதழ்களை எங்கள் கருவியில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். முப்பத்தொன்று சிவப்பு. அவற்றைப் பறிமுதல் செய்து பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப, இங்கேயும் சிவப்பு. முதலில் சிவப்பு காட்டியது செண்பகவல்லி என்ற பெண்ணுடையது. வேதியியல் பட்டம், உணவுப் பரிசோதனை ஆய்வகத்தில் உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது. முப்பத்தொரு பேருக்கும் மே 6 அன்று மதுரையில் இறுதிச் சரிபார்ப்பு. அதற்குள் தேறாவிட்டால் வேலை பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். அதோடு போலீஸ் புகார் வேறு.

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் முனைவர் இளவழகன் என்னைப் பார்த்துக் கேட்டார்: “சார், மெஷின் தப்பாக் காட்ட வாய்ப்பு இருக்கா?”

“ஐயா, மெஷின் பொய் சொல்லாது. மனுஷன்தான் சொல்லுவான்” என்றேன்.

அதை எழுத்தில் கேட்டார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ‘இவை மிகத் திறமையாகத் தயாரிக்கப்பட்ட போலிகள்.’ ஏழு பேரும் ஒருவர் பின் ஒருவராக அதைப் படித்துத் தலையாட்டினார்கள். கழுதைக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திய மாதிரி இருந்தது.

கருவியை இயக்குவது டெய்சிராணி என்ற தற்காலிக ஊழியர். நான் அங்கே இருந்த நேரத்தில் மட்டும் இரண்டு தடவை மெல்லிய துணியால் கருவியின் கண்ணாடியைத் துடைத்தாள். வேறு வேலை இல்லை போலிருக்கிறது.

ஏப்ரல் 19, சனி

அந்தச் செண்பகவல்லி அச்சகத்துக்கே வந்துவிட்டாள். கூட அவள் அம்மா வெள்ளையம்மா, சாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு சமைப்பவர். வாட்ச்மேன் எதற்கு இருக்கிறான் என்று தெரியவில்லை. உள்ளே விட்டதோடு நிற்காமல் என் மேசையையும் காட்டிவிட்டுப் போனான்.

அம்மாதான் பேசினார். “ஐயா, எம்புள்ள மூணு வருசம் பஸ்சு மாறி மாறிப் போயிப் படிச்சிது. மேடையில பேரு கூப்பிட்டு, கையில குடுத்தாக. நான் கண்ணால பாத்தேன். இப்ப அது போலின்னா, நான் பாத்தது என்னய்யா?”

இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் அச்சகம் நடத்த முடியாது. “கமிட்டி முடிவு பண்ணும்மா” என்றேன்.

மகள் அழவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் அழுவார்கள். இவள் அழாததே எனக்குச் சந்தேகமாகப் பட்டது.

“சார், ஒரே ஒரு கேள்வி” என்றாள். “மெஷின் தாள்ல எந்த எடத்தைப் பாக்குது? அதைச் சொன்னீங்கன்னா, அந்த எடத்துக்கு என்ன ஆயிருக்கும்னு நானே யோசிச்சுப் பாப்பேன்.”

“அது ரகசியம்மா.”

“யாருக்கு ரகசியம் சார்?”

“போலி அடிக்கிறவங்களுக்கு.”

“அப்ப எனக்கும்னு சொல்றீங்க.”

பி.எஸ்சி. படித்தால் வாய் நீளும் என்பது இந்த ஊர் வழக்கம். அம்மா குடிக்கத் தண்ணீர் கேட்டார். கூலர் இருக்கும் பக்கம் கை காட்டினேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. பத்து மணிக்கு வருகிறேன் என்ற மெக்கானிக் வரவில்லை. இந்த ஊரில் எவனும் சொன்ன நேரத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

முப்பத்தொரு சான்றிதழ்களும் சீல் வைத்த உறையில் அச்சகத்துக்கு வந்து சேர்ந்தன. போலி எப்படித் தயாரானது என்று நான் விளக்கமாக அறிக்கை தர வேண்டுமாம். ஏழு பேரால் முடியாதது ஒருவனிடம் வந்திருக்கிறது.

காலை முழுவதும் பார்த்தேன். தாள் எங்கள் தாள். தாளுக்குள் தெரியும் வாட்டர்மார்க் எங்களுடையது. வரிசை எண் சரி. கரையில் ஓடும் பூவேலை சரி. அதில் நான் வேண்டுமென்றே உடைத்துவிட்ட ஒரு இதழ்கூட உடைந்தபடியே இருக்கிறது. அதைப் பார்த்து எழுதத் தெரிந்த போலிக்காரன் ஒருவன் இருந்தால் அவன் காலில் விழுவேன்.

இனி எழுதுவதை வக்கீலிடம் கொடுக்குமுன் அடித்துவிட வேண்டும். குறியீடு இருப்பது நாலு மூலையில். ஒரே குறியீடு, நாலு தடவை. ஒரு மூலை கிழிந்தால் மூன்று மிச்சம். இரண்டு நனைந்தால் இரண்டு மிச்சம். ஒன்றே ஒன்று உயிரோடு இருந்தாலும் பச்சை எரியும். நாலையும் ஒருசேரக் கெடுக்க வேண்டும் என்றால் அதற்கென்றே ஒருவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். அப்படி வேலையற்றவன் யார்?

மூலைகளை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எல்லாம் வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்த தாள்கள். மஞ்சள், திருநீறு, கற்பூர வாசனை. கறை என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

சாயங்காலம் டெய்சிராணி போன் செய்தாள். “சார், தப்பா எடுத்துக்காதீங்க. லிஸ்ட்டைப் பாத்துட்டே இருந்தேன். முப்பத்தொண்ணுல எங்க ஆளுங்க ஒருத்தர்கூட இல்ல சார். முஸ்லிம் ஆளுங்களும் இல்ல. நானூறு பேர்ல நெறைய இருக்காங்க. இதுல மட்டும் இல்ல.”

“சாதி மதம் பாக்கத் தெரிஞ்ச மெஷினை நான் இன்னும் செய்யலம்மா” என்று சொல்லி வைத்துவிட்டேன். நல்ல வேடிக்கை. கண்ணாடி துடைக்க வைத்தால் கண்டுபிடிப்புக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

ஏப்ரல் 23, புதன்

தலைவலி. வெயில்தான் காரணம்.

ஏப்ரல் 25, வெள்ளி

அச்சகத்தில் இரைச்சல் தாங்கவில்லை, வீட்டில் வைத்து அமைதியாகப் பார்க்கிறேன் என்று அண்ணாச்சியிடம் சொல்லி உறையை வீட்டுக்கு எடுத்து வந்தேன். விதிப்படி கூடாது. விதியை எழுதியவனே நான்தான்.

ஆவுடையின் தம்பி மகளுக்கு ஆனியில் கல்யாணம். பத்திரிகைக் கட்டுகள் எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன. சாப்பாட்டு மேசையின் அந்தப் பாதியில் அவள் ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து வைத்துக்கொண்டு பத்திரிகைக்கு நாலு மூலையாகத் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பாதியில் நான். ஆறரை மணிக்குக் கரண்ட் போனது. புள்ளிகளைப் பார்ப்பதற்கென்று கொண்டுவந்திருந்த நீல டார்ச்சைப் போட்டேன்.

வெளிச்சம் முதலில் அவள் கிண்ணத்தின் மேல் விழுந்தது. கிண்ணத்தில் மஞ்சள் இல்லை. கறுப்பாக மை மாதிரி ஏதோ இருந்தது. அவள் விரல் நுனியும் கறுப்பு. பத்திரிகையின் மூலைகள் கறுப்பு.

டார்ச்சைத் திருப்பினேன். என் முன்னால் இருந்தது செண்பகவல்லியின் சான்றிதழ். பூவேலையின் முதல் மூலையில் ஒரு கறுப்பு விரல் ரேகை. அடுத்த மூலையிலும். அதற்கடுத்ததிலும். நாலாவதைப் பார்க்கவில்லை.

“என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீக?” என்றாள் ஆவுடை.

“ஒண்ணுமில்ல.”

ஏப்ரல் 26, சனி

இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும்.

என் புள்ளிகள் வெளிர்மஞ்சள். நீல வெளிச்சத்தில் மஞ்சளெல்லாம் கறுக்கும். அதை நம்பித்தான் முழு ஏற்பாடும். மஞ்சள் தடவிய மூலை மொத்தமாகக் கறுத்துவிட்டால் அதற்குள் என் புள்ளிகள் எங்கே என்று கருவிக்குத் தெரியாது. ஒரு மூலையில் தடவியிருந்தால் பாதகமில்லை. நாலிலும் நிறையத் தடவிய வீடுகள் முப்பத்தொன்று. டெய்சிராணி பட்டியலை வைத்தே பாதி தூரம் வந்துவிட்டாள். நான் கிண்ணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு லென்ஸ் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் நான் எழுதிய சோதனை அறிக்கை நாற்பது பக்கம். டீயைக் கொட்டிப் பார்த்தேன், காபியைக் கொட்டிப் பார்த்தேன். நல்லெண்ணெய், மழைத்தண்ணீர், வியர்வை. லேமினேஷன் போட்டேன். நாலாக மடித்துச் சட்டைப்பையில் ஒரு மாதம் வைத்திருந்தேன். மஞ்சளை மட்டும் வைத்துப் பார்க்கவில்லை. மறந்தேன் என்றும் சொல்ல முடியாது. அது கறை என்ற நினைப்பே வரவில்லை. கறைகள் எவை என்று பட்டியல் போடச் சொன்னால் இந்த ஊரில் யார் அதில் மஞ்சளைச் சேர்ப்பார்கள்? ஏழு பேர் குழுவில் யாருக்கும் தோன்றவில்லை. அண்ணாச்சி ஒவ்வொரு புது வேலைக்கும் முதல் தாளில் அவர் கையாலேயே மஞ்சள் வைப்பார். நான் பக்கத்தில் நின்று தட்டைப் பிடித்துக்கொள்வேன்.

இதைச் சொன்னால் என்ன ஆகும்? இன்னும் இரண்டு பல்கலைக்கழகங்களின் வேலை இதே குறியீட்டை நம்பி வரவிருக்கிறது. அது போகும். மஞ்சள் கிண்ணத்திடம் தோற்றவன் என்று ஊர் சிரிக்கும். யாரிடமும் சொல்லப்போவதில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

மஞ்சள் தடவிய கழிவுத் தாள்களில் முயன்றேன். ரப்பர்: தாள் தேய்ந்தது, மஞ்சள் போகவில்லை. ஈரத்துணி: பரவியது. ஸ்பிரிட்: மஞ்சளும் கரைந்தது, என் பூவேலையும் கரைந்தது.

மத்தியானம் சாப்பிடும்போது, பொதுவாகப் பேசுவதுபோல, சேலையில் மஞ்சள் பட்டால் என்ன செய்வாய் என்று ஆவுடையிடம் கேட்டேன்.

“அதுக்கு என்ன பாடு? வெயில்ல போட்டா போயிரும்” என்றாள். “ஏங்க, எந்தச் சட்டையில ஆக்குனீக?”

வெயில். சிவகாசியில், சித்திரையில். ஐந்து வருடம் வெயிலில் கிடந்தாலும் மங்காத மையைத்தான் என் புள்ளிகளுக்கு வாங்குகிறேன். ஆவுடையின் மஞ்சளுக்கு அந்த வசதி இல்லை.

ஏப்ரல் 30, புதன்

இரண்டாவது நாள். மொட்டைமாடியில் ஆவுடையின் கொத்தவரங்காய் வற்றலுக்குப் பக்கத்தில் முப்பத்தொரு பட்டங்களும் காய்கின்றன. பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் கண்ணாடித் தகடு. நான் குடை பிடித்துக்கொண்டு காக்கை விரட்டுகிறேன். இரண்டு நாள் மருத்துவ விடுப்பு.

எதிர்வீட்டு மாடியிலிருந்து ரிட்டயர்டு தாசில்தார் எட்டிப் பார்த்தார். “என்ன சிகாமணி சார், அப்பளமா?”

“ஆமா சார். அப்பளம்.”

“சதுரமா இருக்கே?”

“வடநாட்டு அப்பளம்.”

நம்பிவிட்டார். இவர்தான் முப்பது வருடம் நிலப் பத்திரங்களைச் சரிபார்த்தவர்.

ஐந்து மணிக்கு, அச்சகத்திலிருந்து கொண்டுவந்திருந்த கருவியில் வைத்தேன். பத்தொன்பது பச்சை.

மே 1, வியாழன்

அச்சகம் விடுமுறை. மேலும் பதினொன்று பச்சை. பாக்கி செண்பகவல்லியுடையது ஒன்றுதான். அந்த அம்மா மற்றவர்களைப்போல் தொட்டு வைக்கவில்லை, அப்பியிருக்கிறார்.

ஆவுடை மாடிக்கு வந்தாள். வெகுநேரம் குனிந்து ஒவ்வொரு தாளாகப் பெயர்களைப் படித்தாள். “எல்லாம் புள்ளைங்க படிச்ச சர்டிபிகேட்டா? இதை எதுக்குங்க வெயில்ல போட்டிருக்கீக?” என்றாள். ஆபீஸ் வேலை, உனக்குப் புரியாது என்றேன். போய்விட்டாள்.

மே 2, வெள்ளி

முப்பத்தொன்றும் பச்சை.

அறிக்கை எழுதினேன். சான்றிதழ்கள் அனைத்தும் அசல் என்று மறு ஆய்வில் உறுதியாகிறது. அப்படியானால் முதலில் சிவப்பு காட்டியது ஏன் என்று கேட்பார்களே. மதுரையில் சிவப்பு எரிந்தது அந்தக் கருவி அளவு சரிசெய்யப்படாததால் என்று எழுதினேன். பல்கலைக்கழகத்தில்? ‘கருவியின் கண்ணாடியில் தூசி படிந்திருந்தது. இயக்குபவர் முறையாகச் சுத்தம் செய்யவில்லை எனத் தெரிகிறது.’

ஏழு பேருக்கும் பிடித்துப்போகும். தூசி எல்லாருக்கும் புரிகிற விஷயம். டெய்சிராணி தற்காலிக ஊழியர்தானே, இங்கில்லாவிட்டால் இன்னொரு இடம். பெண்ணுக்கு வேலை கிடைக்கிறது, அச்சகத்துக்கு ஆர்டர் நிற்கிறது. யாருக்கு என்ன நஷ்டம்?

அவள் கண்ணாடியைத் துடைப்பதை நான் பார்த்தேன் என்பது அறிக்கைக்குத் தேவையில்லாத விவரம்.

மே 3, சனி

டெய்சிராணி போன். அழவுமில்லை, சண்டை போடவுமில்லை.

“சார், நான் தெனமும் ரெண்டு வாட்டி தொடைச்சேன் சார்.”

“அது சும்மா ஃபார்மாலிட்டிக்கு எழுதுறதும்மா.”

“திங்கக்கிழமை சாவியைக் குடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாங்க சார்.”

வெயில் ஜாஸ்தி என்று ஏதோ சொன்னேன்.

மே 5, திங்கள்

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பல்கலைக்கழகத்தின் சிறிய அரங்கில் சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுக்கும் கூட்டம். பறிமுதல் செய்தபோது இல்லாத மரியாதை திடீரென்று வந்துவிட்டது, ரோஸ்மில்க் கொடுத்தார்கள். முப்பத்தொரு குடும்பங்கள். மேடையில் முனைவர் இளவழகன், அண்ணாச்சி, நான். அண்ணாச்சி வெள்ளை வேட்டியில் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். வாசல் பக்கம் டெய்சிராணி கையில் சாவிக்கொத்தோடு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றாள். இளவழகன் என் அறிக்கையைப் பற்றிப் பேசினார். தூசி என்ற சொல்லை நாலு தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் அவள் தரையைப் பார்த்தாள்.

முதல் பெயர் செண்பகவல்லி. மேடையேறி வாங்கினாள். கீழே இறங்கவில்லை. அங்கேயே நின்று தாளைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். கூட ஏறிய வெள்ளையம்மாவிடம் சொன்னாள்:

“அம்மா, மஞ்சளைக் காணோம்.”

“கைமாறிக் கைமாறிப் போனதுல அழிஞ்சிருக்கும். அதுக்கென்ன, மறுபடி வச்சிருவோம். நாளைக்கு நல்ல காரியத்துக்குப் போறோம்ல?” இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரித்து, பாட்டில் தண்ணீரில் விரலை நனைத்து, மஞ்சளில் தொட்டார். கீழே உட்கார்ந்திருந்த அம்மாக்களில் ஐந்தாறு பேர் கையும் பைக்குள் போவதைப் பார்த்தேன். மற்றவர்கள் வீட்டுக்குப் போய் வைப்பார்கள். நாளை காலை பத்து மணிக்கு மதுரையில் மறுபடி முப்பத்தொன்றும் சிவப்பு.

பேசாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். அதை இங்கே மறைக்கவில்லை. மதுரையில் சிவப்பு எரிந்தால் அதற்கும் தூசி இருக்கிறது என்று என் மனம் கணக்குப் போட்டது. அந்த விரல் தாளுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்திருந்தது.

“அம்மா, வைக்காதீங்க!”

நான்தான் கத்தினேன். நான் அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

“ஏன்யா?” என்றார் வெள்ளையம்மா.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார். அவருக்கு விஷயம் தெரியாது. ஆனால் நான் எதையோ உளறப்போகிறேன் என்பது தெரிந்துவிட்டது. செண்பகவல்லி என் கையைப் பார்த்தாள், தாளின் மூலையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் நான் சொல்லட்டும் என்று நின்றாள்.

“மெஷின் பாக்குறது அந்த நாலு மூலையைத்தான்” என்றேன். “கண்ணுக்குத் தெரியாத புள்ளி வச்சிருக்கேன். மஞ்சள் பட்டா மெஷினுக்கு அது தெரியாது. நீங்க மஞ்சள் வச்சதாலதான் சிவப்பு எரிஞ்சுது. வெயில்ல காயவச்சு நான்தான் எடுத்தேன். யாரும் மஞ்சள் வைக்காதீங்க. தூசியெல்லாம் கிடையாது. அந்தப் பொண்ணு தெனமும் தொடைச்சுது, நான் கண்ணால பாத்தேன். தப்பு எம்மேலதான்.”

இளவழகன் ரோஸ்மில்க் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வெள்ளையம்மா தன் கையை என் பிடியிலிருந்து மெதுவாக விடுவித்துக்கொண்டார். விரலை முந்தானையில் துடைத்தார். சமையற்காரர் கை, சூடு பட்ட தழும்புகள் இருந்தன.

“அங்க வைக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வச்சிருக்க மாட்டோமேய்யா” என்றார். “யாருக்குத் தெரியக் கூடாதுன்னு ஒளிச்சு வச்சீக? எங்களுக்கா?”

மே 6, செவ்வாய்

பத்தே முக்காலுக்குப் போன். செண்பகவல்லி.

“பச்சை சார்.”

அவ்வளவுதான். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்காது.

மே 8, வியாழன்

பல்கலைக்கழகத்துக்குப் போனேன். அழைக்காமல் போனேன். டெய்சிராணி அதே நாற்காலியில் இருந்தாள். வேலையை விட்டு நிறுத்தியதை இளவழகன் ரத்து செய்துவிட்டாராம். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். பஸ்ஸில் இரண்டு மணி நேரமும் வாசகம் தயார் செய்திருந்தேன்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், வெளிச்சத்த மறைக்கிறீங்க” என்றாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தள்ளி நின்றேன். பிறகு வந்துவிட்டேன்.

மே 9, வெள்ளி

நாலு நாளாகப் பேசாத அண்ணாச்சி இன்று பேசினார். “ஒளிச்சு வைக்கிறதுக்குத்தான் உனக்குச் சம்பளம். நீ மேடையேறி எடத்தை ஊருக்கே சொல்லிட்டு வந்து நிக்க.” ஒரு மாதத்துக்குள் புது இடம் கண்டுபிடித்துச் சோதித்துக் காட்டாவிட்டால் பல்கலைக்கழகம் வேறு அச்சகத்துக்குப் போகும். அதோடு நானும் வீட்டுக்குப் போகலாம். அவர் சொன்னதில் தப்பில்லை. ஏழு பேருக்கு ஒரு மூளை என்று எழுதியவன் நான். எட்டாவதாகச் சேர்ந்தவனும் அதைக் கொண்டுவரவில்லை.

சாயங்காலம் ஒரு வெற்றுச் சான்றிதழ்த் தாளை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் ஆவுடைக்கு முன்னால் விரித்தேன். “வீட்டுக்கு இப்படி ஒரு தாள் வந்தா எங்கெங்க என்னென்ன வைப்பே?” என்றேன். என் வேலையைப் பற்றி அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி இது.

“இதை எதுக்கு எங்கிட்ட கேக்கிறீக? உனக்குப் புரியாதுன்னு சொன்னீக?”

“எனக்குத்தான் புரியல.”

கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “மூலையில மஞ்ச. நடுவுல குங்குமம். தலப்புல பிள்ளையார் சுழி போடுவாக சில பேரு. பின்பக்கம் நீங்க போன் நம்பர் கிறுக்குவீக.”

“அப்ப எடமே கிடையாதா?”

தாளைத் திருப்பினாள். தூக்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். யாரோ கையில் கொடுத்து வாங்குவதுபோல் ஒரு தடவை நீட்டி வாங்கினாள். பிறகு கீழே வைத்து, ஒரு இடத்தில் விரலை ஊன்றினாள்.

“இங்க யாரும் எதுவும் வைக்க மாட்டோம்” என்றாள். ஏன் என்றும் சொன்னாள். சரியான காரணம். எனக்கு நாற்பது பக்கத்தில் தோன்றாத காரணம்.

அது எந்த இடம் என்று இங்கே எழுதவில்லை. இப்போதைக்கு அது தெரிந்தவர்கள் இரண்டு பேர், ஒருத்தி ஆவுடை. நாளை டைரியை வக்கீலிடம் கொடுக்கிறேன். அடித்துவிட வேண்டும், கிழித்துவிட வேண்டும் என்று எழுதிய பக்கங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன.